சின்ன ஊர் ஐ.எஸ்.டி.யில் (இண்டிபெண்டன்ட் ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்) பிள்ளைகளைப் படிக்க வைத்தவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள் (டெக்சாஸ்)

வீட்டுக்காரருக்கு லபக் தாண்டி ஒரு சின்ன ஊர் ஆஸ்பத்திரியில் ஜே-1 வேவர் (பயிற்சி விசா முடிந்த டாக்டர்கள் நாடு திரும்பாமல் இருக்கக் கொடுக்கும் விலக்கு) வேலை கிடைத்திருக்கிறது. மூன்று வருஷம் கட்டாயம் இருந்தாக வேண்டும். அங்கே பள்ளி கே.ஜி.யிலிருந்து பன்னிரண்டாவது வரை ஒரே வளாகம், மொத்தமே முந்நூற்றுச் சொச்சம் பிள்ளைகள். மாநிலம் அதற்குக் கொடுத்த கிரேடு 'சி'. பையன் ஏழாவது, பெண் மூன்றாவது. "நீ பிள்ளைகளோடு டாலஸிலேயே இரு, அவர் வாரக் கடைசியில் வந்து போகட்டும்" என்று மாமியார் முதல் பக்கத்து வீட்டு அக்கா வரை எல்லோரும் சொல்கிறார்கள். இணையத்தில் தேடினால் வீட்டு விலையும் கிரேடும்தான் வருகிறது. அங்கே பள்ளியை யார் நடத்துகிறார்கள், எப்படி நடத்துகிறார்கள் என்று கிட்டத்தில் பார்த்தவர்கள் எழுதுங்களேன்.

பான்ஹேண்டில் பகுதி, மருத்துவர்

'சி'யைப் பத்தி டீச்சர் யாராவது எழுதுவாங்கம்மா. நடத்துறது யாருங்கிறதை நான் சொல்றேன்.

டெக்சாஸில் ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் நகரசபைக்கும் அடங்காது, கவுண்டிக்கும் அடங்காது. தானே வரி போடும், தானே ஆள் எடுக்கும். பேரிலேயே 'இண்டிபெண்டன்ட்'னு இருக்கிறது அதுக்குத்தான். மேலே பெரும்பாலும் ஏழு டிரஸ்டிகள், அதுதான் போர்டு. ஊர்க்காரங்க ஓட்டுப் போட்டு வர்றவங்க. கட்சி கிடையாது, சம்பளமும் கிடையாது. எங்க போர்டில் ரெண்டு பேர் பருத்தி விவசாயிங்க, ஒரு அம்மா பேங்க், ஒருத்தர் லாரி ஓட்டுறவர், இன்னொருத்தர் எங்க கிளினிக் நர்ஸோட மாமியார். தேர்தல்னு பேருதான். போட்டியே இல்லைன்னா தேர்தலை ரத்து பண்ணிடலாம்னு சட்டம் இருக்கு. எங்க ஊரில் பெரும்பாலும் அப்படித்தான் முடியுது.

போர்டு நேரடியா வேலை வாங்குறது சூப்பரின்டெண்டென்ட்ங்கிற தலைமை அதிகாரி ஒருத்தரை. புதுசா எடுக்கும்போது 'லோன் ஃபைனலிஸ்ட்'னு ஒரே பேரை அறிவிச்சுட்டு 21 நாள் பொறுத்துத்தான் கையெழுத்துப் போடணும். டாலஸில் நீங்க சூப்பரின்டெண்டென்ட்டை டி.வி.யில் பார்த்திருந்தா அதிசயம். இங்கே டிரைவர் லீவு போட்டா அவரே ஸ்கூல் பஸ்ஸை எடுக்கிறார்.

மீட்டிங் மாசம் ஒரு தடவை, ஸ்கூல் லைப்ரரியில். மூணு வேலை நாள் முன்னாடியே அஜெண்டாவை வாசல் கண்ணாடியில் ஒட்டிடுவாங்க. பார்க்க வர்றவங்களுக்கு ஒண்ணாங்கிளாஸ் பிள்ளைங்களோட குட்டி நாற்காலி. முட்டி வலி இருந்தா கஷ்டம். முதல்ல கொடி வணக்கம், பிரேயர், அப்புறம் அந்த மாசம் எழுதின செக் பட்டியல். டீசல், கேன்டீன் பால், ஃபுட்பால் ஹெல்மெட், ஏ.சி. ரிப்பேர், எல்லாம் வரி வரியா. ஊரோட கணக்கு அவ்வளவும் ஒரு தாளில் அடங்கிடுது. "பர்சனல் மேட்டர்"னு வந்ததும் நம்மை வராண்டாவுக்கு அனுப்பிக் கதவைச் சாத்திடுவாங்க. ஆனா ஓட்டெடுப்பு மட்டும் கதவைத் திறந்து வெச்சுத்தான் நடக்கணும்.

நர்ஸ் வாரத்தில் ரெண்டு நாள்தான் வர்றாங்க, இன்சுலின் போட்டுக்கிற பிள்ளை இருக்கேன்னு நான் ஒரு தடவை எழுந்து பேசினேன். மூணு நிமிஷம் கொடுத்தாங்க. ஏழு பேரும் மூஞ்சியைப் பார்த்துட்டு "தேங்க் யூ"ன்னு அடுத்த ஆளைக் கூப்பிட்டாங்க. எனக்குச் சுருக்குன்னு இருந்துச்சு. வெளியே காருகிட்ட வந்தா பருத்தி விவசாயி தொப்பியைக் கழட்டிக்கிட்டு நிக்கிறார். அஜெண்டாவில் இல்லாததைப் பத்தி அவங்க அங்கே விவாதிக்கக் கூடாதாம், ஓப்பன் மீட்டிங்ஸ் சட்டமாம். அடுத்த மாசம் அஜெண்டாவில் போட்டாங்க. முழு நேர நர்ஸ் வரலை, மூணு நாள் ஆச்சு. டாலஸில் இதுக்கு நான் எத்தனை ஆபீஸ் ஏறணும்னு யோசிச்சுப் பாருங்க.

ஸ்வீட்வாட்டர் பக்கம், காற்றாலை இன்ஜினியர்

டாக்டரம்மா சொன்னது சரிங்க. நான் பணத்தைப் பத்திச் சொல்றேன். இது தெரியாம போனீங்கன்னா ஊருக்குள்ள நுழைஞ்சதும் குழம்பிருவீங்க. ஸ்டேடியம் பளபளன்னு இருக்கும், பிசிக்ஸுக்கு வாத்தியார் இருக்க மாட்டாங்க.

வரி ரெண்டு வகைங்க. சம்பளம், டீசல், கரண்டு இதுக்கெல்லாம் ஒண்ணு. கட்டடக் கடனை அடைக்க இன்னொண்ணு. முதல் வரியில உள்ளூர்ல அதிகம் வசூலாச்சுன்னா மாநிலம் தன் பங்கைக் குறைச்சிரும். ரொம்ப அதிகமாச்சுன்னா மிச்சத்தை எடுத்து ஏழை டிஸ்ட்ரிக்டுகளுக்குப் பாயற பொதுப் பணத்துல சேர்த்திரும். 1993-லிருந்து இருக்கிற ஏற்பாடு, ராபின் ஹூட்ம்பாங்க. கடன் வரிக்கு அந்த வேலை கிடையாது, மொத்தமும் உள்ளூருக்குத்தான். அதனால காத்தாடி வந்து சொத்து மதிப்பு ஏறின ஊரெல்லாம் கடன் வாங்கிக் கட்டடமாக் கட்டுச்சு. அந்தக் காசுல வாத்தியாருக்குச் சம்பளம் போட முடியாதுங்க. இப்போ காத்தாடிக்கு வயசாகி மதிப்பு குறையுது, கடன் மட்டும் குறையல. பாரம் வீட்டுக்காரன் மேலயும் மாட்டுப் பண்ணைக்காரன் மேலயும் ஏறுது.

எங்க ஊர்ல ஜிம் கூரை ஒழுகுதுன்னு பாண்ட் தேர்தல் (கட்டடக் கடன் வாங்கலாமான்னு ஊரைக் கேட்கிற ஓட்டு) வெச்சாங்க. 2019 சட்டப்படி ஓட்டுச் சீட்டுலயே "இது சொத்து வரி உயர்வு"ன்னு கொட்டை எழுத்துல போட்டாகணும். தேர்தலுக்கு முந்தின வாரம் டெய்ரி குயின்ல காபி குடிக்கிற பெரியவங்க கூட உக்காந்திருந்தேன். அதுல ஒருத்தரோட பேத்தி அதே ஜிம்முலதான் வாலிபால் ஆடுது. "அந்த வரியைப் படிச்சதுக்கப்புறம் எஸ்ஸுன்னு போட என் கை வராது"ன்னார். தோத்துப் போச்சு. போட்டி நடக்கிறப்போ கோர்ட்டு ஓரத்துல பக்கெட் வெச்சிருந்ததை நானே பார்த்தேன்.

எனக்கு ஓட்டு கிடையாதுங்க, எச்-1பி வேலை விசா. வரி மட்டும் கட்டறேன்.

அதே பெரியவங்ககிட்ட பிரைவேட் ஸ்கூல் வவுச்சரைப் (பிரைவேட் ஸ்கூல் ஃபீஸுக்கு அரசு கொடுக்கிற பணம்) பத்திக் கேட்டா மூஞ்சி மாறிரும். எல்லாம் ரிபப்ளிகன் கட்சிக்காரங்கதான். 2023 நவம்பர்ல டெக்சாஸ் கீழ்ச்சபையில அந்தக் கட்சியில 21 பேர் எதிர்த்து ஓட்டுப் போட்டு அதைக் கவுத்தாங்களே, கிராமத்து உறுப்பினர்கள் பல பேர் அதுல. 2025-ல எப்படியோ நிறைவேறிருச்சு. எங்க கவுண்டியில பிரைவேட் ஸ்கூலே இல்லீங்க, அந்தக் காசை எங்கே கொண்டுபோய்க் கட்டறது?

இடம் சொல்ல விரும்பவில்லை, கணித ஆசிரியர், ஜே-1 ஆசிரியர் விசா

'சி' பற்றி நான் எழுதுகிறேன். ஏ முதல் எஃப் வரை கிரேடு போடும்போது மூன்றைப் பார்க்கிறார்கள்: தேர்ச்சி எவ்வளவு, போன வருஷத்தைவிட எவ்வளவு முன்னேற்றம், பின்தங்கிய பிள்ளைகள் எங்கே நிற்கிறார்கள். பெரிய டிஸ்ட்ரிக்டில் இது ஓரளவு அர்த்தம் உள்ள கணக்கு. என் எட்டாம் வகுப்பில் இருப்பதே 18 பேர். இரண்டு பேர் தவறினால் 11 சதவீதம் போய்விடும். ஒரு வருஷம் எண்ணெய்க் கிணற்று வேலை முடிந்து ஒரு குடும்பம் ஊரைவிட்டுப் போனது. அக்கா, தம்பி இரண்டு பேருமே நன்றாகப் படிப்பவர்கள். அந்த வருஷம் ஸ்டார் என்ற மாநிலத் தேர்வின் முடிவு சரிந்ததற்குப் பெரிய காரணம் அதுதான். போர்டில் 'என்ன ஆச்சு' என்று கேட்டபோது, பிரின்சிபால் அந்தக் குடும்பத்தின் பெயரைச் சொல்லாமல் விளக்குவதற்குப் பட்ட பாடு! ஆனால் அறையில் இருந்த அத்தனை பேருக்கும் யார் என்று தெரியும்.

போதாததற்கு 2023 கிரேடுகள் வழக்கில் சிக்கி 2025 ஏப்ரலில்தான் வெளியே வந்தன. நீங்கள் பார்த்த 'சி' எந்த வருஷத்துடையது என்று முதலில் பாருங்கள். ஒரு வருஷத்தைப் பார்க்காமல் நாலைந்து வருஷத்தைச் சேர்த்துப் பாருங்கள்.

கிரேடைவிட நீங்கள் கேட்க வேண்டியது, கணக்கும் அறிவியலும் யார் எடுக்கிறார்கள், அந்த ஆள் எத்தனை வருஷமாக இருக்கிறார் என்பதுதான். நான் ஏழாவது கணக்கிலிருந்து ப்ரீ-கால்குலஸ் வரை ஒற்றை ஆளாக எடுக்கிறேன். எனக்கு விசா மூன்று வருஷம், நீட்டித்தால் இன்னும் இரண்டு. அப்புறம் கிளம்பியாக வேண்டும். 2025 சட்டத்தில் 5,000 பிள்ளைகள் வரை உள்ள டிஸ்ட்ரிக்டுகளில் ஐந்து வருஷ அனுபவம் உள்ள ஆசிரியருக்கு 8,000 டாலர் உயர்வு கொடுத்தார்கள், பெரிய டிஸ்ட்ரிக்டில் 5,000. ஆளை இழுக்க உதவும். வந்த ஆள் தங்குவதற்கு வாடகை வீடு ஊரில் இருக்க வேண்டுமே.

நாலு நாள் பள்ளி உண்டா என்றும் கேளுங்கள். 2015-இல் நாள் கணக்கை எடுத்துவிட்டு வருஷத்துக்கு 75,600 நிமிஷம் என்று மாற்றினார்கள். அதை வைத்து நிறைய சின்ன டிஸ்ட்ரிக்டுகள் வெள்ளிக்கிழமையை விட்டுவிட்டன. ஆசிரியர் விளம்பரத்துக்கு அது நல்ல தூண்டில். வேலைக்குப் போகும் அம்மாக்களின் வெள்ளிக்கிழமை பற்றி எங்கள் போர்டில் ஒருவரும் வாய் திறந்து நான் பார்க்கவில்லை.

அபிலீன் பக்கம், இரண்டு பிள்ளைகளின் அம்மா

டிசம்பர்ல மதுரைக்குப் போயிட்டுப் பொங்கல் முடிஞ்சு வரலாம்னு நினைக்காதீங்க 😀 பெரிய ஊர்ல கம்ப்யூட்டர்தான் லெட்டர் அனுப்பும். இங்கே ஆபீஸ் அம்மாவே போன் போட்டு "ஹனி, எப்போ வர்றீங்க?"ன்னு கேட்டாங்க. டெக்சாஸில் மாநிலம் ஸ்கூலுக்குப் பணம் கொடுக்கிறது பேரு பதிவுக்கு இல்லை, தினசரி வருகையோட சராசரிக்குத்தான். பிள்ளை வராத ஒவ்வொரு நாளும் அவங்களுக்கு நஷ்டம். ஒரு பிள்ளைக்கான அடிப்படைத் தொகை 2019-லிருந்து 6,160 டாலர்லயே நின்னுச்சு, 2025-ல கூட்டினது 55 டாலர். அவங்க பதறுறதில் தப்பு இல்லை. பிள்ளைக்கும் 90 சதவீத வருகை இல்லேன்னா பாடம் முடிச்சதுக்கான கிரெடிட்ல சிக்கல்.

இன்னொண்ணு, யாரும் சொல்லலை. யுவால்டி ஸ்கூல் துப்பாக்கிச் சூட்டுக்கு அப்புறம் 2023-ல ஒவ்வொரு வளாகத்திலும் ஆயுதம் வெச்ச ஒருத்தர் இருக்கணும்னு சட்டம் வந்துச்சு. சின்ன ஊருக்கு அதுக்குப் போலீஸ் எங்கே கிடைக்கும்? பயிற்சி எடுத்த ஊழியர்களே மறைச்சு வெச்சிருக்காங்க. யார்னு சொல்ல மாட்டாங்க. பேரன்ட்-டீச்சர் மீட்டிங்ல உட்கார்ந்து ஒவ்வொரு டீச்சரா "இவங்களா இருக்குமோ"ன்னு பார்த்துக்கிட்டிருந்தேன். ஷெரிஃப் வண்டி வந்து சேர எவ்வளவு நேரம் ஆகும்னு தெரிஞ்சதால, வேண்டாம்னும் சொல்ல முடியலை.

முன்பு கிழக்கு டெக்சாஸ், இப்போது ஹூஸ்டன்

எல்லோரும் நல்லதாகவே எழுதுகிறீர்கள். நாங்கள் ஒரே வருஷத்தில் கிளம்பிவிட்டோம். பையனுக்கு ஆட்டிசம். சின்ன டிஸ்ட்ரிக்டுகள் தனியாக ஸ்பெஷல் எஜுகேஷன் ஆட்களை வைத்துக்கொள்ள முடியாமல், பல டிஸ்ட்ரிக்டுகள் சேர்ந்து ஒரு கூட்டு ஏற்பாட்டில் பங்கு போட்டுக்கொள்கின்றன. ஸ்பீச் தெரபிஸ்ட் வாரத்தில் ஒரு நாள் வருவார். அன்றைக்கு அவர் கார் மக்கர் செய்தால் அந்த வாரம் அவ்வளவுதான். டீச்சர் தங்கமானவர், பிரின்சிபால் எங்கள் வீட்டுக்கே வந்து பேசினார், அதில் குறையில்லை. ஆனால் நல்ல மனசு தெரபி ஆகாது. பையனுக்கு என்ன உதவி என்று முடிவு செய்யும் ஏ.ஆர்.டி. மீட்டிங்கில் எழுத்தில் கொடுத்த தெரபி நிமிஷங்களை அவர்களால் கொடுக்க முடியவில்லை. புகார் கொடுக்க நினைத்தால், யார் மேல் கொடுப்பது? ஞாயிற்றுக்கிழமை கடையில் அதே முகங்களைத்தான் பார்க்க வேண்டும். உங்கள் பிள்ளைகளுக்கு இப்படித் தேவை இல்லையென்றால் இது உங்களுக்குப் பொருந்தாது.

லபக்கிற்குத் தெற்கே, ஐ.டி., வீட்டிலிருந்து வேலை

பையன் ஏழாவது என்பதால் சொல்கிறேன். டெக்சாஸ் அரசுப் பல்கலைக்கழகங்களில் வகுப்பில் முதல் 10 சதவீதத்துக்குள் வந்தால் இடம் நிச்சயம், 1997 சட்டம். யூ.டி. ஆஸ்டின் மட்டும் 2026 சேர்க்கையிலிருந்து 5 சதவீதம் ஆக்கிவிட்டது. என் பெண்ணின் வகுப்பில் 31 பேர். அப்படியென்றால் ஆஸ்டினுக்கு ஒரே ஒரு இடம்தான் உறுதி. முதலிடம் வந்தால் அரசுக் கல்லூரியில் முதல் வருஷ டியூஷனும் கிடையாது. டாலஸ் புறநகரில் நம் ஆட்கள் ஆயிரம் பிள்ளைகளோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்த எனக்கு இது சொர்க்கமாகத் தெரிந்தது. போகப் போகத்தான் புரிந்தது, 31 பேரில் போட்டி போடுவது மூன்று பேர், அந்த மூன்று வீடும் ஒரே தெரு.

ஏ.பி. (கல்லூரி அளவிலான) கால்குலஸ் இல்லை. கம்யூனிட்டி காலேஜ் வழியாக டூயல் கிரெடிட் (பள்ளிக்கும் கல்லூரிக்கும் சேர்த்துக் கணக்காகும் பாடம்) எடுத்தாள். வெல்டிங் கற்றாள், எஃப்.எஃப்.ஏ. என்ற விவசாய மாணவர் அமைப்பில் ஆடு வளர்த்து ஸ்டாக் ஷோவுக்கு (கால்நடைக் கண்காட்சி) கொண்டுபோனாள். ஊரில் அப்பாவிடம் சொன்னபோது, "ஆடு மேய்க்கவா அமெரிக்கா போனீங்க?" என்றார்.

கேள்வி கேட்டவர்

எல்லோருக்கும் நன்றி. டாக்டர் அக்கா, ஒரு சந்தேகம். நாங்களும் ஓட்டு இல்லாதவர்கள்தான். மூன்று நிமிஷம் பேசுவதைத் தவிர வேறு வழி இருக்கிறதா?

பான்ஹேண்டில் பகுதி, மருத்துவர்

இருக்கும்மா. டிரஸ்டியா நிக்கத்தான் குடியுரிமை வேணும். ஸ்கூல் ஹெல்த் அட்வைசரி கவுன்சில்னு ஒண்ணு எல்லா டிஸ்ட்ரிக்டிலும் இருந்தாகணும். வருஷத்துக்கு நாலு தடவையாவது கூடணும், பாதிக்கு மேல பெற்றோரா இருக்கணும், அவங்க அங்கே வேலை பார்க்கிறவங்களா இருக்கக் கூடாது. சின்ன ஊரில் வேலை பார்க்காத பெற்றோரைத் தேடிப் பிடிக்கிறதே பெரும்பாடு. எங்க ஊரில் ஆள் கிடைக்காமத்தான் என்னைக் கூப்பிட்டாங்க, இப்போ நாலாவது வருஷம் ஓடுது. போனதும் சூப்பரின்டெண்டென்ட் ஆபீஸில் பேரைக் கொடுத்துட்டு வாங்க. அப்படியே போர்டு மீட்டிங் எந்தக் கிழமைன்னும் கேட்டு வெச்சுக்கோங்க. எங்களுது ரெண்டாவது திங்கள். ஃபுட்பால் சீசனில் ஜூனியர் ஹை மேட்ச் இருந்தா மீட்டிங்கையும் தள்ளி வெச்சுடுவாங்க.