எதிரும் புதிருமாக நின்றவர்களை ஒரு முடிவுக்குக் கொண்டுவந்த அனுபவங்கள்

தொடங்கியவர்

பொதுப் பிரச்சினைகளில் ஒருவருக்கொருவர் முகம் கொடுத்துப் பேசாத தரப்புகளைப் பேச வைத்தவர்கள், அல்லது அப்படிப்பட்ட பேச்சில் ஒரு தரப்பாக உட்கார்ந்தவர்கள் இங்கே எழுதலாம். முதலில் என்னுடையது.

ஒரு நெரிசலான சாலையில் பேருந்துக்குத் தனித்தடம் ஒதுக்கும் திட்டம். கடைக்காரர்களுக்கு வண்டி நிறுத்தும் இடம் போய்விடும். பயணிகள் சங்கம் தடம் வந்தே தீர வேண்டும் என்றது. பக்கத்துத் தெருக்காரர்களுக்கு, போக்குவரத்து தங்கள் வீட்டு வாசல் வழியாகத் திரும்பிவிடுமோ என்ற பயம். சக்கர நாற்காலியில் செல்வோரின் சங்கமோ, நடைபாதையைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லையே என்று கோபமாக இருந்தது. எந்தப் பக்கமும் சாயாமல் பேச்சை நடத்துவது என் வேலை.

ஏற்கெனவே ஒரு கருத்துக் கேட்புக் கூட்டம் நடந்து கூச்சலில் முடிந்திருந்தது. அது அப்படித்தான் முடியும். மைக் முன்னால் சில நிமிடங்கள் கிடைக்கிற பிரதிநிதி எதிர்த்தரப்பிடம் பேசுவதே இல்லை. பின்னால் உட்கார்ந்திருக்கும் தன் ஆட்களுக்காகப் பேசுகிறார். அங்கே ஒரு படி இறங்கினால் அவர் பதவிக்கே ஆபத்து.

அதனால் கூட்டம் போடுவதற்கு முன் ஒவ்வொருவரையும் தனியாகப் போய்ப் பார்த்தேன். "தடம் வந்தால் முதல் மாதம் உங்களுக்கு என்ன ஆகும், நாள் வாரியாகச் சொல்லுங்கள்" என்று மட்டும் கேட்டேன். 'வேண்டும்', 'வேண்டாம்' என்ற பேச்சு அங்கேயே நின்றுபோனது. கடைக்காரர்களில் பலருக்கு வாடிக்கையாளர் வண்டியைவிடச் சரக்கு இறக்கும் வண்டிதான் பெரிய கவலை. பயணிகளுக்குத் தடம் உயிர்நாடியாக இருப்பது வேலைக்குப் போய்வரும் நேரத்தில். சரக்கு இறக்குவதை விடியற்காலைக்குத் தள்ளினால் மோதலில் பாதி கரைந்துவிடும். இதை எந்த மேடையிலும் யாரும் சொல்லியிருக்கவில்லை, கேட்டவர் இல்லை என்பதால்.

அப்புறம், ஒவ்வொரு தரப்பும் தனித்தனியாக வரைவு எழுதி வரக் கூடாது என்று வைத்துக்கொண்டோம். ஒரே வரைவு, அதை எழுதுவது நான். "இதில் உங்களால் தாங்கவே முடியாதது எது?" என்று கேட்டுக் கேட்டுத் திருத்துவது. இது என் கண்டுபிடிப்பு இல்லை. 1978-இல் கேம்ப் டேவிட்டில் எகிப்துக்கும் இஸ்ரேலுக்கும் இடையே 13 நாள் நடந்த பேச்சில், நடுவராக இருந்த அமெரிக்க அதிபர் கார்ட்டரின் தரப்பு இப்படித்தான் ஒரே வரைவைச் சுமார் 23 முறை திருத்தியது. சொந்த வரைவு கையில் இருந்தால் மனிதர்கள் அதைக் காப்பாற்றுவதிலேயே இருப்பார்கள். அடுத்தவர் எழுதியதில் குறை சொல்வது யாருக்கும் சுலபம், அதோடு தோற்றுப்போன உணர்வும் வராது.

ஆனால் நீண்ட சண்டை நடந்தது இவற்றுக்காக அல்ல. யார் எண்ணுவது என்பதற்காக. பக்கத்துத் தெருவில் வண்டிகள் கூடினால் தடத்தை மறுபரிசீலனை செய்வோம் என்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். 'கூடினால்' என்றால் எவ்வளவு? எந்த நாளில், எந்த நேரத்தில் எண்ணியது? அதிகாரிகளின் கணக்கைத் தெருக்காரர்கள் நம்பவில்லை, தெருக்காரர்களின் கணக்கைப் பயணிகள் சங்கம் நம்பவில்லை. கடைசியில் இரு தரப்பு ஆட்களும் ஒரே மூலையில் நின்று, ஒரே தாளில் குறித்து, இருவரும் கையெழுத்துப் போடுவது என்று முடிவானது. வேடிக்கை என்னவென்றால், சேர்ந்து நின்று எண்ணிய அந்தக் காலைகளில்தான் அவர்கள் முதல்முறையாகச் சாதாரணமாகப் பேசிக்கொண்டார்கள். தடத்தை முதலில் ஒரு பரிசோதனையாக வைத்து, எந்த எண்ணிக்கை தாண்டினால் எந்தத் திருப்பத்தை மூடுவது என்பதையும் முன்கூட்டியே எழுதினோம். கொள்கையில் ஒருவரும் மனம் மாறவில்லை. தவறினால் என்ன நடக்கும் என்பது தெரிந்ததால் சம்மதித்தார்கள், அவ்வளவுதான்.

வணிகர் தரப்பில் போனவர்

சார், நீங்கள் சொன்னது நடுவில் இருந்தவரின் கதை. நான் ஒரு தரப்பின் பிரதிநிதியாகப் போய் மாட்டிக்கொண்டவன்.

மொத்த விற்பனைச் சந்தையை நகருக்கு வெளியே மாற்றுவது பற்றிய பேச்சு. உள்ளே எல்லாம் நன்றாகவே போனது. சுமை தூக்குவோர் சங்கம், லாரிக்காரர்கள், குடியிருப்போர் என்று எல்லோருடைய சிக்கலும் எனக்குப் புரிய ஆரம்பித்தது. அதுதான் ஆபத்து! எனக்குப் புரிந்தது, வெளியே காத்திருந்த என் ஆட்களுக்குப் புரியவில்லை. நான் மாற்றத்துக்கு ஒப்புக்கொண்டு வந்து சொன்னபோது, "விலை போய்விட்டான்" என்றுதான் பேச்சு கிளம்பியது. அரசியல் அறிஞர் ராபர்ட் புட்னம் 1988-இல் இதை இரண்டு தளங்களில் ஒரே நேரத்தில் ஆடும் ஆட்டம் என்று விளக்கினார். அவர் பேசியது நாடுகளுக்கு இடையிலான பேச்சுகளைப் பற்றி. சந்தைச் சங்கத்துக்கும் அது அப்படியே பொருந்தும்.

எங்கள் சங்கத்தில் அதிகம் சத்தம் போட்டவரையே அடுத்த கூட்டத்துக்குக் கூட்டிப் போனேன். சும்மா உட்கார்ந்து கேட்கட்டும் என்றுதான். புதிய இடத்தில் குளிர்பதனக் கிடங்கு முதலில் வர வேண்டும், பிறகுதான் கடைகள் நகர வேண்டும் என்ற நிபந்தனையை அங்கே எழுப்பியவர் அவர்தான். திரும்பி வந்து அதைத் தன் சாதனையாகச் சொன்னார். சொல்லட்டுமே. எனக்கு வேண்டியது கையெழுத்து.

நெதர்லாந்தில் 1982-இல் வாசனார் என்ற இடத்தில் தொழிற்சங்கங்களும் முதலாளிகளும் செய்துகொண்ட உடன்பாட்டை இதனால்தான் அடிக்கடி நினைப்பேன். சம்பள உயர்வில் நிதானம் காட்டத் தொழிற்சங்கங்கள் சம்மதித்தன, பதிலுக்கு வேலை நேரக் குறைப்பு பேசப்பட்டது. இரு தலைவர்களுக்கும் தங்கள் ஆட்களிடம் காட்ட ஏதோ ஒன்று இருந்தது. வெறுங்கையோடு திரும்புகிற பிரதிநிதி போட்ட கையெழுத்து ஒரு வாரம்கூடத் தாங்காது.

சுற்றுச்சூழல் குழுவில் இருப்பவர்

இரண்டு பதிவும் நன்றாக இருக்கின்றன. நான் கொஞ்சம் கசப்பாகத்தான் எழுத வேண்டியிருக்கிறது.

ஒரு ஏரிக்குள் கழிவுநீர் விடுவது பற்றிய பேச்சில் நாங்கள் ஒரு தரப்பு. "எல்லோரும் ஒத்துக்கொள்ளும் முடிவு வரும்வரை பேசுவோம்" என்றார்கள். கேட்க இனிமையாகத்தான் இருந்தது. ஆலைத் தரப்புக்கு அவசரமே இல்லை. பேச்சு நீள நீளக் கழிவுநீர் வழக்கம்போல ஓடிக்கொண்டிருந்தது. இருக்கிற நிலைமை யாருக்கு லாபமோ, அவர் கையில் 'எல்லோரும் சம்மதிக்க வேண்டும்' என்ற விதி ஒரு பூட்டு.

அதனால் 'ஒருமித்த முடிவு' என்றால் என்ன என்பதை முதல் நாளே எழுதி வைக்காத கூட்டத்துக்கு இனி நான் போவதில்லை. உலக வர்த்தக அமைப்பில், கூட்டத்தில் இருக்கும் எந்த உறுப்பு நாடும் முறைப்படி மறுக்கவில்லை என்றாலே அது ஒருமித்த முடிவு. வாய் மூடியிருந்தால் சம்மதம். ஐநா காலநிலை மாநாடுகளில் வாக்கெடுப்பு விதி இன்றுவரை ஏற்கப்படாமலே கிடக்கிறது, அதனால் எல்லாவற்றையும் ஒருமித்தே முடிக்க வேண்டிய கட்டாயம். அமெரிக்காவில் தரப்புகளோடு பேசி விதிகளை எழுதுவதற்கான 1990-ஆம் ஆண்டுச் சட்டத்தில், குழு வேறு மாதிரி முடிவெடுக்காத வரை ஒருமித்த கருத்து என்பது எல்லாத் தரப்பின் சம்மதம்தான். பேச்சு முறிந்தால் சம்பந்தப்பட்ட அரசுத் துறை வழக்கமான முறையில் தானே விதியை எழுதிக்கொள்ளலாம். அந்தக் கடைசி வசதி இருப்பதால்தான் அங்கே முரண்டு பிடிக்கிறவரும் பேசுகிறார். எங்கள் ஏரிப் பேச்சில் அப்படி ஒரு கெடு இருந்திருந்தால் கதையே வேறு.

இன்னொன்று, கூட்டத்துக்கு அழைக்கப்படாதவர்கள். சங்கம் வைத்திருப்பவர்களுக்குத்தான் நாற்காலி. சங்கம் இல்லாதவர்களை எப்படிக் கொண்டுவருவது? அயர்லாந்தில் 2016-இல் அமைத்த மக்கள் பேரவையில் 99 பொதுமக்களையும் தலைவராக ஒரு நீதிபதியையும் உட்கார வைத்தார்கள். கருக்கலைப்புத் தடை போன்ற, கட்சிகள் தொடத் தயங்கிய விஷயத்தை அவர்கள் பேசி முடித்துப் பரிந்துரைத்தார்கள். 2018 பொதுவாக்கெடுப்பில் 66.4 சதவீதம் பேர் தடையை நீக்கச் சொன்னார்கள். பிரான்சில் 150 பேரைக் குலுக்கலில் எடுத்துக் காலநிலைக்காக 149 யோசனைகள் வாங்கினார்கள். அவை சட்டமாக வந்தபோது நீர்த்துப்போயின என்று அந்த 150 பேரிலேயே பலர் ஆதங்கப்பட்டார்கள். ஆக, முடிவை யார் எடுத்து நிறைவேற்றுவார் என்பதும் முதல் நாளே தெரிய வேண்டும்.

தொடங்கியவர்

மேடம், கெடு பற்றி நீங்கள் சொன்னது முழுக்கச் சரி. எங்கள் பேச்சிலும் ஒரு தேதி இருந்தது. அதற்குள் முடியாவிட்டால் துறையின் பழைய வரைபடமே அமலுக்கு வரும் என்று சொல்லியிருந்தார்கள். அந்த வரைபடம் எல்லோருக்குமே பிடிக்காத ஒன்று என்பது எங்கள் அதிர்ஷ்டம்!

அழைக்கப்படாதவர்கள் விஷயத்தில் தைவானில் செய்த ஒன்று எனக்குப் பிடிக்கும். 2015-இல் ஊபர் பற்றிய விவாதத்தில் போல்.இஸ் (Pol.is) என்ற கருத்துக் கேட்பு மென்பொருளைப் பயன்படுத்தினார்கள். ஒருவர் எழுதிய கருத்தோடு ஒத்துப்போகலாம், மறுக்கலாம், கடந்து போகலாம். பதில் எழுத மட்டும் முடியாது. சண்டைக்கு வழியே இல்லாததால், பயணிகளுக்குக் காப்பீடு வேண்டும் என்பது போன்ற, இரு பக்கமும் ஒத்துக்கொண்ட கருத்துகள் தானாக மேலே வந்தன. ஆனால் கையில் போனும் நேரமும் இருப்பவர்தான் அதிலும் கலந்துகொள்வார். முழுத் தீர்வு என்று சொல்ல மாட்டேன்.

வணிகர் தரப்பில் போனவர்

சார், ஒரு சந்தேகம். அந்தச் சக்கர நாற்காலிச் சங்கம் கடைசியில் கையெழுத்துப் போட்டதா? நீங்கள் அதைச் சொல்லாமலே தாண்டிவிட்டீர்கள்.

தொடங்கியவர்

போட்டார்கள், ஒரு மறுப்புக் குறிப்போடு. நடைபாதைச் சரிவுகளை 'அடுத்த கட்டத்தில்' அமைப்போம் என்று வரைவில் இருந்தது. தேதி இல்லாத அடுத்த கட்டத்தை நாங்கள் நம்பவில்லை என்று அவர்கள் எழுதிக்கொடுத்தார்கள். சிலர் அதைப் பின்னிணைப்பில் போடலாம் என்றார்கள். நான் முதல் பக்கத்திலேயே அச்சிட வைத்தேன். சரிவு வேலை இன்னும் தொடங்கவில்லை. பரிசோதனைக் காலம் முடிந்ததும் நடக்கும் ஆய்வுக் கூட்டத்தில் முதல் பொருள் அதுதான். அந்தக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கப் போகிறவரும் அந்தச் சங்கத்துக்காரர்தான்.