ஈஸ்டருக்கும் தேவியருக்கும் உள்ள உறவு எவ்வளவு உறுதியானது?

கேள்வி

கிறிஸ்மஸையும் ஈஸ்டரையும் விட்டுவிட்டு, லேவியராகமம் 23-ஆம் அதிகாரம் கூறும் பண்டிகைகளை மட்டுமே ஆசரிக்கும் ஒரு சிறிய ஜெபக்குழுவோடு ஓராண்டாகப் பழகி வருகிறேன். ஈஸ்டர் என்னும் சொல்லே பாபிலோனிய தேவியான இஷ்தாரின் பெயர்தான் என்றும், முட்டையும் முயலும் அவளுடைய கருவளச் சின்னங்கள் என்றும், பிப்ரவரி 2-இல் மெழுகுவர்த்தி ஏந்திச் செல்லும் திருநாளும் ஆகஸ்ட் 15-இல் வரும் மரியன்னையின் விண்ணேற்பு விழாவும் ரோமானியர் கொண்டாடிய பழைய விழாக்களின் மறுவடிவங்களே என்றும் அவர்கள் உறுதியாகச் சொல்கிறார்கள்.

வியப்பு என்னவென்றால், தேவி வழிபாட்டை மீட்டெடுக்க விரும்பும் இன்றைய பேகன் இயக்கத்தவரின் எழுத்துகளிலும் ஏறத்தாழ இதே செய்திகளைத்தான் காண்கிறேன். முன்னவர் 'ஆகவே இவற்றைத் தள்ளுங்கள்' என்கிறார்கள். பின்னவர் 'ஆகவே இவற்றை எங்களிடமே திருப்பித் தாருங்கள்' என்கிறார்கள். நேரெதிரான இரு தரப்பும் ஒரே வரலாற்றைச் சான்றாகக் காட்டுவதால் அது உண்மை என்று கொள்ளலாமா, அல்லது இருவரும் ஒரே இடத்தில் கடன் வாங்கியவர்களா என்பதை அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி 1

தங்கள் ஐயத்தின் பின்பாதி பெரும்பாலும் சரி. இஷ்தார்தான் ஈஸ்டர் என்ற கூற்றைப் பரப்பியதில் முதன்மையானவர் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த அலெக்சாண்டர் ஹிஸ்லப் என்னும் போதகர். 1853-இல் ஒரு சிறு வெளியீடாக எழுதியதை 1858-இல் பெரிய நூலாக விரித்தார். கத்தோலிக்கத் திருச்சபை பழைய பாபிலோனிய மதத்தின் தொடர்ச்சியே என்று நிறுவுவதுதான் அவருடைய நோக்கம். தேவியரின் பெருமையை உலகுக்கு எடுத்துரைப்பது அன்று. கத்தோலிக்கரை வீழ்த்துவதற்காக ஒரு புராட்டஸ்டன்ட் போதகர் வடித்த வாளைத்தான் இன்று பேகன் இயக்கத்தவர் சிலர் கிறிஸ்தவம் முழுவதற்கும் எதிராக ஏந்துகிறார்கள் என்பதை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வருகிறது. இந்த ஐயத்தின் வேர் ஹிஸ்லப்புக்கும் முந்தையது: கிறிஸ்மஸ் கொண்டாடுவோருக்கு ஐந்து ஷில்லிங் அபராதம் என்று மாசசூசெட்ஸ் குடியேற்றத்தில் 1659-இல் சட்டம் இயற்றியவர்கள் பியூரிட்டன்கள் என்னும் கண்டிப்பான புராட்டஸ்டன்ட் பிரிவினர்.

பெயருக்கு ஹிஸ்லப் காட்டிய சான்று ஒலி ஒற்றுமை ஒன்றே. ஆனால் கிரேக்கம், லத்தீன், பிரெஞ்சு, ஸ்பானியம், ரஷ்யம் எனப் பல மொழிகளில் அந்தத் திருநாளின் பெயர், யூதரின் பஸ்கா பண்டிகையைக் குறிக்கும் 'பெசாக்' என்னும் எபிரேயச் சொல்லிலிருந்தே வருகிறது. தமிழில் நாம் சொல்லும் 'பாஸ்கா'வும் அதுவே. 'ஈஸ்டர்' போன்ற பெயரை வைத்திருப்பவை ஆங்கிலமும் ஜெர்மனும்தான். அந்தத் திருநாளை எந்த நாளில் கொண்டாடுவது என்று ஆசியா மைனரின் சபைகளும் ரோமாபுரியும் இரண்டாம் நூற்றாண்டிலேயே சண்டையிட்டுக்கொண்டிருந்தன. ஆங்கிலம் எழுத்து வடிவம் பெறுவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே நிலைபெற்றிருந்த ஒரு விழாவின் வேரை, ஆங்கிலப் பெயர் ஒன்றில் தேடுவது எப்படிப் பொருந்தும்?

அந்த ஆங்கிலப் பெயருக்குப் பின்னால் தேவி ஒருத்தி இருந்திருக்கக்கூடும் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். வட இங்கிலாந்தின் துறவியான பீட், 725-இல் காலக் கணக்கைப் பற்றி எழுதிய நூலில், ஆங்கிலேயர் ஏப்ரலை 'ஈயோஸ்டர் மாதம்' என்று அழைத்ததையும், ஈயோஸ்ட்ரே என்னும் தேவிக்கு அம்மாதத்தில் விழா எடுத்ததால் அப்பெயர் வந்ததையும் குறிப்பிடுகிறார். அவளைப் பெயர் சொல்லிக் குறிப்பிடும் பழைய எழுத்து அது ஒன்றே. ஆகவே பீட் தாமே ஊகித்து எழுதியிருப்பார் என்று அறிஞர் பலர் கருதிவந்தனர். 1958-இல் ஜெர்மனியின் மோர்க்கன்-ஹார்ஃப் அருகே, 'ஆஸ்ட்ரியாஹேனே' என்னும் அன்னைத் தேவியருக்கு ரோமானியர் காலத்தில் நேர்ந்துகொண்ட 150-க்கும் மேற்பட்ட கல்வெட்டுகள் கிடைத்தன. பெயரின் வேர் ஒத்திருப்பதால், பீட் பொய் சொல்லவில்லை என்று கருதுவோரின் கை அதன் பிறகு சற்று ஓங்கியது.

ஆனால் பீட் முட்டையைப் பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லை. முயலைப் பற்றியும் எழுதவில்லை. முட்டையிடும் ஈஸ்டர் முயல் எழுத்தில் முதன்முதலாகத் தலைகாட்டுவது 1682-இல், ஜெர்மானிய மருத்துவர் ஒருவரின் நூலில். முட்டைக்குக் காரணம் இன்னும் எளியது: தவக்காலத்தின் நாற்பது நாட்களும் முட்டை உண்ணலாகாது என்பது பழைய விதி, கோழிகளோ விதியை அறியாமல் இட்டுக்கொண்டே இருந்தன. இங்கிலாந்து மன்னர் முதலாம் எட்வர்டின் அரண்மனைக் கணக்கில் 1290-ஆம் ஆண்டு ஈஸ்டருக்காக 450 முட்டைகள் வாங்கிய செலவு பதிவாகியிருக்கிறது. முயலை அந்தத் தேவியோடு முடிச்சுப் போட்டது 19-ஆம் நூற்றாண்டின் ஊகம்.

பெயர் ஒன்று, நாள் ஒன்று, சடங்கு ஒன்று என மூன்றையும் தனித்தனியே சோதித்தாலொழிய இந்தப் பேச்சில் தெளிவு பிறக்காது. ஈஸ்டரைப் பொறுத்தவரை ஆங்கிலப் பெயருக்கு மட்டும் தேவித் தொடர்பு இருக்கலாம். நாள் யூதரின் பஸ்காவிலிருந்து வந்தது.

மறுமொழி 2

மேலே எழுதியவர் கூறியதை மறுக்கவில்லை. ஆனால் அதைப் படிப்பவர், தேவித் தொடர்பு என்பதே 19-ஆம் நூற்றாண்டின் கற்பனை என்று எண்ணிவிடக்கூடும். அப்படியன்று. அதே பீட், டிசம்பர் 25-க்கு முந்திய இரவை ஆங்கிலேயர் தம் பழைய சமயத்தில் 'அன்னையர் இரவு' என்று அழைத்ததாகவும் எழுதியிருக்கிறார். திருத்தந்தை முதலாம் கிரகோரியார் 601-இல் இங்கிலாந்துக்குச் சென்றுகொண்டிருந்த மெல்லித்துஸ் என்னும் மறைப்பணியாளருக்கு எழுதிய கடிதமும் நமக்குக் கிடைத்திருக்கிறது. கோயில்களை இடிக்க வேண்டாம், சிலைகளை மட்டும் அகற்றி, தீர்த்தம் தெளித்து, பலிபீடம் அமைத்துக்கொள்ளுங்கள். பேய்களுக்கு எருது வெட்டிப் பழகிய மக்கள், மறைசாட்சிகளின் திருநாளில் அதே எருதைத் தங்கள் உணவுக்காக வெட்டி இறைவனைப் போற்றட்டும் என்று அதில் வழி சொல்கிறார். பழைய விழாவின் மேல் புதிய விழாவை அமர்த்துவது திட்டமிட்ட கொள்கையாக ஓரிடத்திலாவது இருந்தது என்பதற்கு இதைவிட நேரடியான சான்று தேவையில்லை.

தேவி என்று குறிப்பாகக் கேட்டால் அயர்லாந்தின் பிரிஜித்தைத்தான் முதலில் சொல்வேன். கில்டேர் நகரில் மடம் நிறுவியவராகப் போற்றப்படும் புனித பிரிஜித்தின் திருநாள் பிப்ரவரி 1. அதே நாள்தான் 'இம்போல்க்' என்னும் பழைய ஐரிஷ் பருவ நாள். பெண்ணாடுகள் பால் சுரக்கத் தொடங்கும் காலம் என்று இடைக்கால ஐரிஷ் எழுத்து அதற்கு விளக்கம் தருகிறது. ஏறத்தாழ கி.பி. 900-இல் தொகுக்கப்பட்ட கோர்மாக்கின் சொற்பொருள் நூல், புலவர்கள் வணங்கிய பிரிஜித் என்னும் தேவியையும், மருத்துவத்துக்கும் கொல்லுத் தொழிலுக்கும் உரிய அவளுடைய சகோதரியர் இருவரையும் குறிப்பிடுகிறது. 12-ஆம் நூற்றாண்டில் வேல்ஸ் நாட்டு ஜெரால்டு, கில்டேரில் அணையாத நெருப்பு ஒன்றைப் பத்தொன்பது கன்னியர் இரவுக்கு ஒருவராகக் காத்துவந்ததையும், இருபதாம் இரவில் புனிதரே வந்து காப்பதாக அவர்கள் நம்பி விட்டுச்சென்றதையும் பதிவு செய்திருக்கிறார். ஆண் எவரும் அந்த வேலியைத் தாண்டக்கூடாதாம். பெயரும் நாளும் சடங்கும் ஒருங்கே நெருங்கி நிற்கும் இடம் இது. அந்த நெருப்பை 1993-இல் மீண்டும் ஏற்றியவர்கள் கத்தோலிக்கக் கன்னியரே. 2023 முதல் அயர்லாந்து அரசு அத்திருநாளையொட்டிப் பொது விடுமுறையும் அளிக்கிறது.

இருந்தாலும் ஒரு தயக்கம் எனக்கு உண்டு. புனிதரின் வாழ்க்கையைக் கோகிடோசஸ் எழுதியது ஏழாம் நூற்றாண்டில். தேவியைப் பற்றிய குறிப்பு எழுந்ததோ அதற்கு இருநூறு ஆண்டுகளுக்குப் பின், அதுவும் கிறிஸ்தவர் கையால். இம்போல்க் நாளில் கிறிஸ்தவத்துக்கு முன் என்ன சடங்கு செய்தார்கள் என்பதற்கு எழுத்துச் சான்றே கிடையாது.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் நன்றி. ஈஸ்டரைப் பற்றிய ஐயம் தீர்ந்தது. மரியன்னையின் நாட்களைப் பற்றி இன்னும் தெளிவில்லை. மேலும், எங்கள் குழுவினர் மாற்றாக வைத்திருக்கும் பஸ்கா, கூடாரப் பண்டிகை முதலியவை புறமதக் கலப்பே இல்லாதவை என்கிறார்களே, அதுவாவது சரிதானா?

மறுமொழி 3

மரியன்னையின் நாட்களில் முதலில் ஆகஸ்ட் 15. ரோமில் டயானா என்னும் தேவியின் விழா ஆகஸ்ட் 13 என்பதால் இரண்டையும் இணைப்பது வழக்கம். ஆனால் ஆகஸ்ட் 15-இல் மரியன்னைக்கு விழா எடுத்தது ஐந்தாம் நூற்றாண்டின் எருசலேம். ஆறாம் நூற்றாண்டின் இறுதியில் பேரரசர் மோரிஸ் அதைக் கீழைப் பேரரசு முழுவதற்கும் உரிய நாளாக்கினார். ரோமுக்கு அது ஏழாம் நூற்றாண்டில்தான் வந்து சேர்ந்தது. டயானாவின் ஊருக்கு வெளியே பிறந்த விழா, அவள் கோயில்கள் மூடப்பட்டு நெடுங்காலம் கழிந்த பிறகே அவ்வூருக்குள் நுழைந்தது.

பிப்ரவரி 2-இன் கதையும் இத்தகையதே. 380-களில் எருசலேமுக்குச் சென்ற எகேரியா என்னும் பெண் யாத்திரிகர், திருக்காட்சித் திருநாளுக்கு (ஜனவரி 6; அப்போது அங்கு இயேசுவின் பிறப்பும் அன்றே கொண்டாடப்பட்டது) நாற்பதாம் நாளில் அங்கு இவ்விழாவைக் கண்டதாக எழுதியிருக்கிறார். நாற்பது என்னும் கணக்கு, பிள்ளை பெற்ற தாயின் சுத்திகரிப்பைப் பற்றிய லேவியராகமம் 12-ஆம் அதிகாரத்திலிருந்து வந்தது. கிறிஸ்மஸ் டிசம்பர் 25 என்று அங்கும் ஏற்கப்பட்டதும் நாற்பதாம் நாள் பிப்ரவரி 2-க்கு நகர்ந்தது. அதை லூப்பர்கேலியா என்னும் ரோமானிய விழாவோடு இணைத்துக் காட்டியவர் 16-ஆம் நூற்றாண்டின் திருச்சபை வரலாற்றாசிரியர் பரோனியுஸ். லூப்பர்கேலியா வருவதோ பிப்ரவரி 15-இல். இளைஞர்கள் ஆட்டுத்தோல் வாரை வீசிக்கொண்டு தெருவில் ஓடிய அவ்விழாவில் மெழுகுவர்த்தி ஊர்வலம் இல்லை, அது தேவிக்கு உரியதென்று சொல்வதும் கடினம்.

ஆயினும் தேவி வழிபாட்டின் பழக்கம் மரியன்னையை நோக்கித் திரும்பியதற்கு ஓர் உண்மையான தடயம் உண்டு. நான்காம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆயர் எப்பிபானியுஸ், அரேபியாவில் பெண்கள் சிலர் மரியாளின் பெயரால் அப்பம் படைத்து உண்பதாகக் கேள்விப்பட்டுக் கடுமையாகக் கண்டித்தார். கண்டிக்கும்போது எரேமியா கூறும் வானராக்கினியையே எடுத்துக்காட்டினார். அதாவது, 'இது பழைய தேவியின் படையல்' என்ற குற்றச்சாட்டை முதலில் எழுப்பியவர் திருச்சபைக்கு உள்ளிருந்தவரே. எரேமியா 44-ஆம் அதிகாரத்தைப் பொறுமையாகப் படித்துப் பாருங்கள். வானராக்கினிக்குத் தூபம் காட்டுவதை நிறுத்திய நாள்முதல்தான் எங்களுக்கு எல்லாம் குறைந்துபோயிற்று என்று அம்மக்கள் தீர்க்கதரிசியின் முகத்துக்கு நேரே சொல்கிறார்கள். தேவியை வணங்கியவர்களின் குரல் விவிலியத்தில் இவ்வளவு தெளிவாகக் கேட்கும் இடம் வேறில்லை.

இனி, மாற்றுப் பண்டிகைகள். ஹெர்பர்ட் ஆம்ஸ்ட்ராங் அமெரிக்காவில் தொடங்கிய சபை இவற்றை வலியுறுத்திப் பரவலாக்கியது. அவர் 1986-இல் மறைந்த பின், 1990-களின் நடுவில், அச்சபையின் தலைமையே இவற்றைக் கட்டாயமாக ஆசரிக்கும் போதனையைக் கைவிட்டது, பிரிந்துபோனவர்கள் தொடர்கிறார்கள். இப்பண்டிகைகளின் நாட்காட்டி ஓர் உழவரின் நாட்காட்டி: வாற்கோதுமையின் முதற்கதிர், கோதுமை அறுப்பு, ஆண்டிறுதியில் களத்துமேட்டின் விளைச்சலைச் சேர்த்தல். அண்டை நாட்டாரும் அதே பருவங்களில்தான் அறுத்தார்கள், விழா எடுத்தார்கள். லேவியராகமம் மாதங்களை எண்ணால் குறிக்கிறதே என்று தங்கள் நண்பர்கள் சொல்லக்கூடும். அது நியாயமான வாதம். ஆனால் அவர்கள் இன்று நாள் குறிக்கப் பயன்படுத்தும் நிசான், தம்மூஸ் முதலிய பெயர்கள் பாபிலோனிலிருந்து வந்தவை. அவற்றுள் தம்மூஸ், இஷ்தாரின் காதலனாகிய தேவனின் பெயர்; அவனுக்காகப் பெண்கள் ஆலய வாசலில் அழுததை எசேக்கியேல் 8-ஆம் அதிகாரம் அருவருப்பு என்கிறது. அதற்கும் முந்தைய பூல், ஏத்தானீம் என்னும் மாதப் பெயர்கள், 1 இராஜாக்கள் நூலில் சாலொமோன் ஆலயம் கட்டிய வரலாற்றில் வருபவை, பெனிக்கேயரின் கல்வெட்டுகளிலும் இருக்கின்றன.

மறுமொழி 1 எழுதியவர், மீண்டும்

ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். பேகன் இயக்கத்தவர் தொன்மையானவை என்று கொண்டாடும் எட்டு விழாக்களின் ஆண்டுச் சக்கரம், ஒரே தொகுப்பாக உருப்பெற்றது 1950-களின் பிரிட்டனில். வசந்த சமநாளுக்கு 'ஒஸ்டாரா' என்று அதில் பெயர் சூட்டியவர் அமெரிக்கரான எய்டன் கெல்லி, 1974-இல். அப்பெயரும் பழைய ஏடு எதிலும் கிடைத்ததன்று. ஜெர்மானிய அறிஞர் யாக்கோப் கிரிம் 1835-இல், பீட் எழுதிய ஒற்றைக் குறிப்பையும் 'ஓஸ்டர்ன்' என்னும் ஜெர்மன் சொல்லையும் வைத்து, இப்படி ஒரு தேவி இருந்திருப்பாள் என்று வடித்தெடுத்த வடிவம் அது. தங்கள் குழுவினர் இஷ்தார் என்று எண்ணி அஞ்சி விலகும் ஈஸ்டர் பெயரின் தேவிக்கும், பேகன் இயக்கத்தவர் விளக்கேற்றும் தேவிக்கும் மூலம் அந்த ஒரு துறவியின் சில வரிகளே.