எயார் பிஸ்டல்: 30 வெடிக்குப் பிறகு பெலட் கீழ இறங்குது

ஓமந்தை:
10 மீற்றர் போட்டிக்கான 4.5 மி.மீ. எயார் பிஸ்டல், காற்றுச் சிலிண்டர் உள்ளது. முதல் 30 வெடி ஒழுங்கு, பிறகு பெலட் (சின்ன ஈயக் குண்டு) இலக்கில கீழ இறங்கிப் படுது. ட்ரிகரும் எடைச் சோதனையில நிக்குதில்லை. எங்கயிருந்து பார்க்கத் தொடங்க, அண்ணைமார்?

நெடுங்கேணி:
தம்பி, நிரம்பின சிலிண்டர் 100 வெடிக்கு மேல தாங்கவேணும். 30இல இறங்கினா ஒண்டில் நிரப்பினது காணாது, இல்லாட்டி கசிவு. வேகமா நிரப்பினா காற்றுச் சூடாகி மானி 200 பார் காட்டும், ஆறினதும் இறங்கிடும். மெல்ல நிரப்பி, ஆறவிட்டு, மிச்சத்தை நிரப்புங்கோ. பொருத்துகளில சவர்க்காரத் தண்ணி தடவினா கசிவு குமிழியாத் தெரியும். நிரம்பின சிலிண்டரிலயும் இறங்கினா பெரும்பாலும் ரெகுலேட்டர் (காற்றழுத்தத்தைச் சீரா வைக்கிற பகுதி) சீல்தான். அதை நீங்களாக் கழற்றாதேங்கோ. நிரப்பும் வாயில சாதாரண எண்ணெய் பூசவே கூடாது, அந்த அழுத்தத்தில தீப்பிடிக்கும். சோளகத்துப் புழுதிக்கு மூடி போட்டே வையுங்கோ. வெயிலில நிக்கிற வாகனத்துக்குள்ள சிலிண்டரை விடாதேங்கோ.

முழங்காவில்:
ட்ரிகர் விதிப்படி ஆகக்குறைஞ்சது 500 கிராம் எடையைத் தாங்கவேணும், வெடிக்கக்கூடாது. பெலட் இல்லையெண்டு உறுதிப்படுத்தி, குழலை நேர மேல நிமிர்த்தி, எடையை ட்ரிகர் நடுவில கொளுவித் தூக்குங்கோ. மட்டா 500 வேண்டாம், 520 வையுங்கோ. ட்ரிகர் இரண்டு கட்டமா இழுபடும், இரண்டாவதிலதான் வெடிக்கும். பெரும்பங்கு எடை முதல் கட்டத்தில இருக்கட்டும். இரண்டாம் கட்டத்தைக் கூட்டினா விரல் இழுபடும். வலக்கைக்காரருக்கு வெடி இடப்பக்கம் கீழ போறது பெரும்பாலும் அதாலதான். திருகாணியை ஒரு தடவைக்குக் கால் சுற்று மட்டும், ஒவ்வொரு முறையும் திரும்ப நிறுத்துப் பாருங்கோ.

ஓமந்தை:
சவர்க்காரத் தண்ணி வைச்சன், சிலிண்டர் கழுத்தில குமிழி வருது.

நெடுங்கேணி:
அப்ப அதில இருக்கிற ஓ-ரிங்கை (காற்றை அடைக்கிற றப்பர் வளையம்) மாத்துங்கோ. காற்றை முழுக்க வெளியேற்றிப்போட்டுத்தான் கை வைக்கவேணும்.