ஆயா கதை சொன்ன இங்கிலீஷ் ரெக்கார்டு

சின்ன வயசுல கேட்ட பிள்ளைங்க ரெக்கார்டு யாருக்காவது திரும்பக் கையில கிடைச்சிருக்கா? எனக்குப் போன மாசம் கிடைச்சுது. நம்ம தென்னாப்பிரிக்காவுல, பீட்டர்மாரிட்ஸ்பர்க்ல ஒரு பழைய சாமான் கடை, இஸ்திரிப் பெட்டி, உடைஞ்ச கடிகாரத்துக்கெல்லாம் அடியில ஒரு அட்டைப்பெட்டி, அதுக்குள்ள ஏழு இஞ்ச் ரெக்கார்டு, கூடவே சேர்த்து வச்ச 24 பக்கப் படப் புத்தகம், டிஸ்னிலேண்ட் கம்பெனி போட்டது. ஓநாய் வளர்த்த காட்டுப் பையன் கதை. எடுத்த உடனே கை தானா பக்கத்தோட மூலையத்தான் தேடுச்சு.

தெரியாதவங்களுக்குச் சொல்றேன். இந்த வரிசைய 1965ல ஆரம்பிச்சாங்க. ரெக்கார்டு ஓட ஓட கதைய வாசிப்பாங்க, நாம புத்தகத்தப் பார்த்துக்கிட்டே வரணும், ஒரு பக்கம் முடிஞ்சா டிங்னு சின்ன மணிச் சத்தம், அப்ப பக்கத்தத் திருப்பணும். நம்ம நாட்டுல டிவி வந்ததே 1976 ஜனவரியிலதானே, அதுக்கு முன்னாடி பிள்ளைங்களுக்கு ரேடியோவ விட்டா இந்த மாதிரி ரெக்கார்டுதான்.

எங்க மாமா டர்பன் பீச் பக்கத்துல ஒரு ஹோட்டல்ல வெயிட்டர். லீவுக்கு வந்த குடும்பம் ரூம்லயே விட்டுட்டுப் போனது, கேட்டு யாரும் வரல, மாமா எங்களுக்குக் கொண்டாந்து குடுத்தாரு. டர்பன் பக்கத்துல சாட்ஸ்வொர்த் வீட்டுல அப்பா தவணையில வாங்கின ரேடியோகிராம் இருந்துச்சு, ரேடியோவும் ரெக்கார்டு பிளேயரும் ஒண்ணா இருக்கற பெட்டி. அப்பாவும் அம்மாவும் ஃபேக்டரிக்குப் போயிட்டா வீட்டுல எங்க பாட்டி, அதாவது ஆயாவும் நாங்க மூணு பேரும்தான். ஆயா பொறந்தது கரும்புத் தோட்டத்துல, கட்டிக்கிட்டு வந்தது டர்பன் முனிசிபாலிட்டியோட இந்தியத் தொழிலாளிங்க குடியிருப்பு மேகசின் பேரக்ஸுக்கு, அங்கிருந்து எல்லாரையும் கிளப்பினப்போ சாட்ஸ்வொர்த்துக்கு வந்தாங்க. இங்கிலீஷ் ஒரு எழுத்து வாசிக்கத் தெரியாது.

ஆனா அந்தப் புத்தகத்த அவங்கதான் எங்களுக்கு வாசிச்சாங்க! சத்தத்தக் கொஞ்சம் குறைச்சு வச்சுட்டு, மணிக்கு மட்டும் காதக் குடுத்துக்கிட்டு, படத்தப் பார்த்துப் பார்த்து தமிழ்ல அவங்களே கதை சொல்லுவாங்க, மணி அடிச்சா பாதி வாக்கியத்துல நிறுத்திட்டுப் பக்கத்தத் திருப்பி அடுத்த படத்துல இருந்து விட்ட வாக்கியத்த முடிப்பாங்க. காடு இல்ல அது, கரும்புக் காடு. மலைப்பாம்பு கிடையாது, தோகைக்குள்ள இருந்து வர்ற மாம்பா. யானைங்க வரிசையா நடக்கற படத்துல முன்னாடி போற பெரிய யானை சர்தார், விடியக்காலையில ஆள் எண்ண வர்ற தோட்டத்து மேஸ்திரி சர்தார், "அவன் எண்ணும்போது நீ வரிசையில இல்லன்னா அன்னிக்குக் கூலி இல்லடா"ன்னு சொல்லும்போது ஆயா குரலே மாறிப்போகும். தோட்டத்துல எப்படி இருந்தாங்கன்னு ஆயா வேற எப்பவும் எங்ககிட்ட உக்காந்து சொன்னதில்ல. எனக்குத் தெரிஞ்சதெல்லாம் அந்த ரெக்கார்டுல இருந்து தெரிஞ்சதுதான்.

ரெக்கார்டோட ரெண்டாவது பக்கத்துல ஒரு கீறல் இருந்துச்சு, முள்ளு அங்க மாட்டிக்கிட்டு ஒரே வார்த்தையத் திரும்பத் திரும்பச் சொல்லும். ஆயா உடனே, "பாரு, பையன் கூப்பிட்டுக்கிட்டே இருக்கான், போய் என்னான்னு கேளு"ம்பாங்க. நான் ஓடிப்போய் ஒரு விரலால முள்ள மெதுவா நகத்திட்டு வருவேன், அது என் வேலை.

இப்பக் கிடைச்சதுல கீறலே இல்ல. அந்த இடம் வந்தப்போ நான் நாற்காலிய விட்டு எழுந்துட்டேன், ரெக்கார்டு பாட்டுக்கு ஓடிப் போயிடுச்சு.

* * *

அக்கா, படிச்சிட்டு ரொம்ப நேரம் ஒண்ணும் எழுத முடியல. எங்ககிட்டயும் இதே வரிசையில ஒண்ணு இருந்துச்சு. ஏழு இஞ்ச் சைஸப் பார்த்து நிமிஷத்துக்கு 45 சுத்து ஸ்பீடுன்னு நினைச்சுப் போட்டுட்டோம், ஆனா அது 33ல ஓட வேண்டியது. அதனால எல்லாரும் கீச்சுக் கீச்சுன்னு பேசுவாங்க, பிள்ளைங்களுக்கான ரெக்கார்டுன்னா அப்படித்தான் இருக்கும்னு ரெண்டு வருஷம் நம்பிட்டு இருந்தோம். நம்பினதுக்குக் காரணமும் இருக்கு, 1958ல வந்த அந்த 'சிப்மங்க்' அணில் பாட்டு ரெக்கார்டுல டேப்ப பாதி வேகத்துல ஓடவிட்டு மெதுவாப் பாடி, அப்புறம் முழு வேகத்துல ஓட்டித்தானே அந்தக் குரல எடுத்தாங்க, அத ரேடியோவுல கேட்டுக் கேட்டுப் பழகின காது. பெரியப்பா ஒரு நாள் வந்து ஸ்பீடு மாத்தற சின்ன நாப்பத் திருப்பினாரு, கதை சொல்றவர் திடீர்னு பெரிய மனுஷனாயிட்டாரு, என் தங்கச்சி பயந்து அழுதுட்டா.

* * *

நான் டோங்காட்ல இருந்து எழுதறேன், உங்களுக்கெல்லாம் மூத்தவ. எங்க வீட்டுல இருந்தது அதுக்கும் முந்தினது, 78 ஸ்பீடு ரெக்கார்டு. போஸோன்னு ஒரு கோமாளி, சர்க்கஸ் கதை, 1946ல கேப்பிடல் கம்பெனி போட்டது. அதுல மணிக்குப் பதிலா விசில், கோமாளி விசில் ஊதினா பக்கத்தத் திருப்பணும். இந்தப் பழக்கமே அங்கிருந்து வந்ததுதான். தம்பி புத்தகத்தக் கிழிச்சுட்டான், அப்புறமும் ரெக்கார்டு ஓடும்போது விசில் ஊதினா நாங்க வெறுங்கையத் திருப்புவோம்.

எல்லாரும் ஒண்ணு கவனிங்க. நம்ம டர்பன் ஈரக்காத்துல ரெக்கார்டுல பூஞ்சை பிடிக்கும். நான் ஸ்பிரிட்டத் தொட்டு 78 ஒண்ணத் துடைச்சேன், பளபளப்பு போயி திட்டுத் திட்டா வெளுத்து, பாட்டு போய் வெறும் கரகரப்புதான் மிச்சம். பழைய 78 அரக்குல செஞ்சது, அரக்கு ஸ்பிரிட்ல கரையும். லேசா சோப்புத் தண்ணி, நடுவுல இருக்கற லேபிள்ல ஈரம் படாம மெத்துன்னு ஒரு துணி, அது போதும். என் அம்மா கையால உறை தைச்சு வச்சிருந்த ரெக்கார்டு அது, இன்னும் தூக்கிப் போட மனசு வரல.

* * *

டோங்காட் அக்காவுக்கு நன்றி, என்னோடது பிளாஸ்டிக்தான், ஆனாலும் ஸ்பிரிட் பக்கமே போகல.

நேத்து டர்பன் பக்கத்து ஃபீனிக்ஸ்ல இருக்கற எங்க அக்கா வீட்டுக்குக் கொண்டு போனேன். சத்தத்தக் குறைச்சு வச்சுட்டு ஆளுக்கொரு பக்கமா ஆயா சொன்ன மாதிரியே சொல்லிப் பார்த்தோம், பேத்தி ஃபோன்ல பதிஞ்சா. கடைசிப் படம், தண்ணி எடுக்க வந்த பொண்ணு பின்னாடி பையன் ஊருக்குள்ள போறான். ஏன் போனான்? ஆயா சொன்னது, அவ வீட்டுல புளிச்சோறு கிண்டற வாசம் வந்துச்சு, அதனாலன்னு எனக்கு ஞாபகம். அக்கா அடிச்சுச் சொல்றா, இல்லவே இல்ல, அந்தப் பொண்ணு தமிழ் பேசினா, அதான் போனான்னு. ரெண்டையும் பதிஞ்சு வச்சிருக்கோம்.