பால், முட்டை உண்டு, இறைச்சி மட்டும் இல்லை: இது கொள்கையா, பாவனையா?

மழைக்குருவி
இறைச்சியும் மீனும் நிறுத்தி ஆறு வருடம் ஆகிறது. வீட்டில் வேறு யாரும் நிறுத்தவில்லை. காரணம் பெரிய தத்துவமெல்லாம் இல்லை. ஒரு விலங்கைக் கொல்ல எனக்குக் கை வராது, அப்படியிருக்க எனக்காக இன்னொருவர் ஏன் கொல்ல வேண்டும் என்று தோன்றியது, விட்டுவிட்டேன். பால் தேநீரில் ஊற்றும் அளவுதான். மாதத்தில் மூன்று முறை சீஸ், எப்போதாவது முட்டை.

போன வாரம் உடன் வேலை பார்ப்பவர் பிடித்துக்கொண்டார். "பாலுக்குப் பின்னாலும் முட்டைக்குப் பின்னாலும் சாவு இருக்கிறது. போதாததற்கு, நான் தின்னும் கோழியைவிட உன் சீஸ்தான் பூமியைச் சூடாக்குகிறது. அப்புறம் என்ன சைவம்?" என்றார். அவர் அநேகமாகத் தினமும் கோழி சாப்பிடுபவர். எனக்கு வாயே திறக்கவில்லை. அவர் சொன்னதில் எவ்வளவு உண்மை? திட்டுவதானாலும் விஷயத்தோடு திட்டுங்கள்.

எதிர்க்காற்று
முழுக்க உண்மை. கன்று போடாத மாடு பால் தராது. பால் தொடர்ந்து வர வேண்டுமென்றால் மாடு திரும்பத் திரும்பச் சினையாக வேண்டும். பிறப்பதில் பாதி காளைக்கன்று. பால் பண்ணைக்கு அது எதற்கு? கறிக்குத்தான் போகும். கறவை வற்றிய தாயும் பெரும்பாலும் அங்கேதான் போய்ச் சேரும்.

முட்டை இதைவிட மோசம். முட்டைக்கென்றே வளர்க்கும் இனத்தில் சேவல் குஞ்சு முட்டையும் இடாது, கறியும் போடாது. பொரித்த அன்றே கொன்றுவிடுவார்கள். உலகம் முழுக்க வருடத்துக்குச் சில நூறு கோடிக் குஞ்சுகள். ஜெர்மனி இதை 2022 தொடக்கத்திலிருந்து சட்டம் போட்டு நிறுத்தியது, பிரான்சும் அதே காலத்தில் நிறுத்தியது. அங்கே முட்டைக்குள்ளேயே பாலினம் பார்க்கும் கருவி வந்திருக்கிறது. மற்ற பெரும்பாலான இடங்களில் பழைய கதைதான்.

நான் அசைவன். தட்டில் கிடப்பது செத்த விலங்கு என்று தெரிந்தேதான் சாப்பிடுகிறேன். உங்களுக்கு அது தெரியாமல் இருப்பது வசதியாக இருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

முளைப்பயறு
எதிர்க்காற்றோடு நான் ஒத்துப்போகும் நாள் வரும் என்று நினைக்கவேயில்லை. நான் பால், முட்டை, தேன் எதுவும் தொடாதவள். இந்தச் சண்டை புதிதல்ல. 1944-ல் டொனால்ட் வாட்சனும் சில நண்பர்களும் இங்கிலாந்தின் சைவச் சங்கத்திலிருந்து விலகி 'வீகன்' என்ற சொல்லை உருவாக்கியதே இதற்காகத்தான். பாலும் முட்டையும் சேர்த்துக்கொள்ளும் சைவம் பாதி வழியில் நின்றுவிட்டது என்றார்கள்.

ஆனால் ஒன்று. பாதி வழி வந்தவரைப் பார்த்து, வாசலைவிட்டே கிளம்பாதவர் சிரிப்பதை என்னால் ஏற்க முடியாது.

எதிர்க்காற்று
கிளம்ப வேண்டும் என்று நான் எங்கே சொன்னேன்?

கணக்குப்பிள்ளை
சீஸ் கணக்கைப் பார்த்துவிடலாம். 2018-ல் பூர், நெமெச்செக் என்ற இருவர் 119 நாடுகளில் 38,000-க்கும் மேற்பட்ட பண்ணைகளின் தரவைத் தொகுத்து ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். அதன்படி ஒரு கிலோ சீஸுக்கு, கார்பன் டை ஆக்சைடுக்கு ஈடாகக் கணக்கிட்டால், 20 கிலோவுக்கு மேல் வாயு வெளியேறுகிறது. கோழிக்கறிக்கு அதில் பாதிகூட இல்லை. காரணம் எளிது. ஒரு கிலோ கெட்டிச் சீஸுக்குச் சுமார் 10 லிட்டர் பால் வேண்டும். மாடு அசைபோடும் விலங்கு, வயிற்றில் மீத்தேன் உண்டாகும். கோழிக்கு அந்த வயிறு கிடையாது. ஆக, கிலோவுக்குக் கிலோ பார்த்தால் உங்கள் நண்பர் சொன்னது சரி.

ஆனால் யாராவது சீஸைக் கிலோக் கணக்கிலா சாப்பிடுகிறார்கள்? நீங்கள் மாதம் மூன்று முறை, முறைக்கு 30 கிராம் என்றே வைத்துக்கொள்வோம். மொத்தம் 90 கிராம், வெளியேறும் வாயு ஏறத்தாழ 2 கிலோ. அவர் மாதத்தில் 25 நாள், நாளுக்கு 150 கிராம் கோழி என்றால் 3.75 கிலோ கறி. கிலோவுக்கு 6 என்று குறைத்தே போட்டாலும் 22 கிலோவைத் தாண்டுகிறது. பத்து மடங்குக்கு மேல்! அவரிடம் இதைச் சொல்லுங்கள். கூடவே இதையும் சொல்லுங்கள்: இறைச்சியை விட்டுவிட்டு அந்த இடத்தைச் சீஸால் நிரப்பும் சைவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், அவர்கள் விஷயத்தில் அவர் பேச்சு செல்லும்.

எதிர்க்காற்று
கணக்கு நன்றாக இருக்கிறது. விட்டுப்போன கணக்கு ஒன்று உண்டு. உலகின் விவசாய நிலத்தில் மூன்றில் இரண்டு பங்கு புல்வெளி. அதில் பெரும்பகுதி ஏர் பிடிக்க லாயக்கில்லாத மேடும் வறண்ட காடும். மனிதனால் தின்ன முடியாத புல்லை உணவாக மாற்றும் ஒரே வழி ஆடு மாடுதான். அதையும் மூடிவிட்டால் என்ன செய்வதாக உத்தேசம்?

இன்னொன்று, கொலை பற்றி. பயறும் கோதுமையும் ரத்தமில்லாமல் விளைகிறதா? உழவிலும் அறுவடையிலும் எலி, முயல் குட்டி, கூட்டோடு பறவை எல்லாம் சாகின்றன. ஸ்டீவன் டேவிஸ் என்பவர் 2003-லேயே இதைக் கணக்கிட்டு, எல்லாரும் வீகனாவதைவிடப் புல்வெளியில் பெரிய விலங்குகளை மேய்த்து உண்டால் சாவு குறையும் என்று எழுதினார். கொல்லாமை உங்கள் அளவுகோல் என்றால் அதையும் வைத்து அளந்து பாருங்கள்.

கணக்குப்பிள்ளை
அதே 2003-ல் மாதேனி என்பவர் கொடுத்த பதிலையும் சேர்த்துச் சொன்னால்தான் கதை முடியும். டேவிஸ் ஒரு ஹெக்டேருக்கு எத்தனை சாவு என்று பார்த்தார். ஒரு ஹெக்டேர் பயிர் எத்தனை பேருக்குச் சோறு போடும், ஒரு ஹெக்டேர் புல் எத்தனை பேருக்குப் போடும் என்று பார்க்கவில்லை. அதே அளவு உணவுக்குப் புல்வெளி பல மடங்கு நிலம் கேட்கும். தலைக்கு என்று வகுத்தால் முடிவு தலைகீழ்.

புல்வெளி வாதத்தில் கொஞ்சம் நியாயம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் மழைக்குருவியின் நண்பர் தின்பதும் அநேகமாக நீங்கள் தின்பதும் அந்த மேட்டு நிலத்துப் புல்லைத் தின்று வளர்ந்ததல்ல. கோழிக்கும் பன்றிக்கும் போடுவது சோளமும் சோயாவும். அவை நல்ல விளைநிலத்தில் வருகின்றன. முன்னே சொன்ன ஆய்விலேயே இருக்கிறது: விவசாய நிலத்தில் 83 சதவீதத்தை எடுத்துக்கொள்ளும் விலங்குணவு, கலோரியில் தருவது 18 சதவீதம், புரோட்டீனில் 37 சதவீதம்.

எதிர்க்காற்று
சரி, மாதேனி விஷயத்தை ஒப்புக்கொள்கிறேன். நான் முதல் பாதியை மட்டும் படித்திருக்கிறேன். ஆனால் பூஜ்யம் சாவு யாருக்கும் கிடையாது என்பது நிற்கிறதா இல்லையா?

முளைப்பயறு
நிற்கிறது. அதை யார் மறுத்தது? வழியில் தெரியாமல் எறும்பை மிதிப்பதும் தேடிப் பிடித்து மிதிப்பதும் ஒன்று என்று நீங்கள் நினைத்தால் அதற்கு மேல் பேச எனக்கு ஒன்றுமில்லை.

ஓரமாக_ஒருவன்
நான் சைவமான முதல் வருடம் எனக்கு நடந்தது எதுவும் இவ்வளவு உயரத்தில் இல்லை. சூப்பில் எலும்புச்சாறு போட்டிருக்கிறார்களா என்று கேட்பதற்கே கூச்சமாக இருந்தது. சாப்பாட்டைவிட, ஒவ்வொரு விருந்திலும் பக்கத்தில் உட்காருபவருக்கு விளக்கம் சொல்வதுதான் அலுப்பு. இப்போதெல்லாம் "பிடிக்கவில்லை" என்று மட்டும் சொல்கிறேன். யாரும் மேலே கேட்பதில்லை. கொள்கை என்றால்தான் எல்லாருக்கும் கை துறுதுறுக்கிறது.

முளைப்பயறு
அது சரி. அப்படியே பொட்டலத்தின் பின்பக்கம் படிக்கவும் பழகிக்கொள்ளுங்கள். சீஸுக்காகப் பாலைத் திரிக்கும் ரென்னெட் என்ற நொதி கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுப்பதாக இருக்கலாம். நுண்ணுயிர் வழி ரென்னெட் போட்டதும் தாராளமாகக் கிடைக்கிறது, ஆனால் பார்மிஜானோ ரெஜ்ஜானோ என்ற பெயரில் வரும் சீஸுக்குக் கன்று ரென்னெட்தான் விதி. இ120 என்று போட்டிருந்தால் அது கார்மைன், ஒருவகைப் பூச்சியை உலர்த்தி எடுக்கும் சிவப்புச் சாயம். ஜெலட்டின் என்றால் தோலும் எலும்பும். மிட்டாயில் இருக்கும், மருந்திலும் இருக்கும்.

எதிர்க்காற்று
ஒரு மிட்டாய்க்கு இவ்வளவு ஆராய்ச்சி செய்ய வேண்டிய வாழ்க்கை இயல்பான வாழ்க்கை இல்லை என்பதுதான் என் மொத்த வாதமும். அதைவிடப் பெரியது பி12 வைட்டமின். மாத்திரை இல்லாமல் நிற்க முடியாத உணவு முறையை மனிதனுக்கானது என்று எப்படிச் சொல்வது? 2019-ல் வந்த ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வும் இருக்கிறது. 48,000 பேர், 18 வருடம். சைவர்களுக்குப் பக்கவாதம் 20 சதவீதம் அதிகம்.

ஆய்வகத்து_எலி
ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. இவ்வளவு நேரம் வேடிக்கை பார்த்தேன், இங்கே நுழைய வேண்டியிருக்கிறது.

அந்த ஆய்விலேயே அடுத்த வரி: சைவர்களுக்கு இதய ரத்தக்குழாய் நோய் 22 சதவீதம் குறைவு. ஒன்றைச் சொன்னால் மற்றதையும் சொல்ல வேண்டும். இரண்டுமே ஆட்களைப் பின்தொடர்ந்து பார்த்ததில் கிடைத்தவை, இதனால்தான் அது என்று அடித்துச் சொல்ல முடியாது.

பி12-ஐ மாடும் தயாரிப்பதில்லை, மனிதனும் தயாரிப்பதில்லை. பாக்டீரியாதான் தயாரிக்கிறது. மாட்டின் வயிற்றில் இருக்கும் பாக்டீரியாவுக்கு அதற்குக் கோபால்ட் என்ற தாது வேண்டும். மண்ணில் கோபால்ட் குறைந்த இடங்களில் மாட்டுக்கே அதைத் தனியாகக் கொடுக்கிறார்கள். ஆக, மாத்திரையை நீங்கள் விழுங்குகிறீர்களா, உங்களுக்கு முன்னால் மாடு விழுங்குகிறதா என்பதுதான் கேள்வி.

அதற்காக எதிர்க்காற்று சொன்னதைத் தள்ளிவிடாதீர்கள். நாளுக்கு 2.4 மைக்ரோகிராம் வேண்டும். ஒரு பெரிய டம்ளர் பாலில் ஒன்றுக்குச் சற்று மேல், ஒரு முட்டையில் அரை. தேநீரில் ஊற்றும் பாலில் என்ன இருக்கும்? ஈரலில் சில வருடத்துக்கான சேமிப்பு இருப்பதால் முதலில் ஒன்றும் தெரியாது. அப்புறம் மெதுவாக வரும். இதில் ஒரு வஞ்சகம் உண்டு. காயும் கீரையும் நிறையச் சாப்பிடுபவருக்கு ஃபோலேட் என்ற இன்னொரு பி வைட்டமின் நன்றாக இருக்கும். அது பி12 குறைவால் வரும் ரத்தசோகையை மறைத்துவிடும். ஹீமோகுளோபின் சரியாக இருக்கிறது என்று நிம்மதியாக இருப்பார்கள், உள்ளே நரம்பு கெட்டுக்கொண்டிருக்கும். ஸ்பைருலினா என்ற பாசிப்பொடி போதும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அதில் இருப்பதில் பெரும்பகுதி நம் உடம்புக்கு உதவாத போலி வடிவம்.

மழைக்குருவி, மாத்திரை எடுக்கிறீர்களா?

மழைக்குருவி
இல்லை. பால் குடிப்பவர்களுக்குத் தேவையில்லை என்று எங்கோ படித்த நினைவு. இரவில் பாதம் மரத்துப்போன மாதிரி குறுகுறுக்கிறது. நாள் முழுக்க நின்றுகொண்டே செய்யும் வேலை, அதனால்தான் என்று விட்டுவிட்டேன்.

எதிர்க்காற்று
இந்த விவாதம் எங்கேயும் ஓடிப்போகாது. முதலில் போய் ரத்தம் கொடுங்கள்.

ஆய்வகத்து_எலி
அதேதான். நாளைக்கே. மாத்திரை ஆரம்பிக்கும் முன்னால் கொடுங்கள், இல்லையென்றால் அளவு ஏறித் தெரியும். சாப்பாட்டோடு தேநீர் குடிக்கும் பழக்கம் இருந்தால் ஒரு மணி நேரம் தள்ளி வையுங்கள். பயறு, கீரையில் இருக்கும் இரும்பை உடம்பு எடுத்துக்கொள்வதைத் தேநீர் தடுக்கும். எலுமிச்சையோ புளிப்பான பழமோ சேர்த்தால் நன்றாக உறிஞ்சும். பயறை ஊறவைத்து முளைகட்டினாலும் நல்லது. (முளைப்பயறு மன்னிக்கவும், உங்கள் பெயரை விளம்பரம் செய்வதாக ஆகிவிட்டது.)

முளைப்பயறு
கட்டணம் எதுவும் தர மாட்டேன். நான் பன்னிரண்டு வருடமாக பி12 எடுக்கிறேன். வெட்கப்பட இதில் ஒன்றுமில்லை. எங்கள் ஆட்களே சிலர் "இயற்கையே எல்லாம் தரும்" என்று பேசி அடுத்தவர் நரம்போடு விளையாடுகிறார்கள். எதிர்க்காற்று மீது வரும் கோபத்தைவிட அவர்கள் மீதுதான் எனக்கு அதிகக் கோபம்.

மழைக்குருவி
ஒன்பது நாள் கழித்து வருகிறேன். பி12 அளவு 148. 200-க்குக் கீழே போனால் குறைவு என்றார் மருத்துவர். பாதத்தில் குத்தூசி வைத்துப் பார்த்தார். சீக்கிரம் வந்துவிட்டதால் சரியாகிவிடும் என்கிறார். முதலில் சில ஊசி, அப்புறம் வாயால்.

அலுவலக நண்பரிடம் கணக்குப்பிள்ளையின் கணக்கைக் காட்டினேன். சீஸை நீ தினமும் சாப்பிடு, அப்போது பார்க்கலாம் என்று சிரிக்கிறார். இறைச்சிக்குத் திரும்புவதாக இல்லை. பாலை முழுதாக விடலாமா என்பதை இப்போதைக்கு ஒத்திவைத்திருக்கிறேன். எதிர்க்காற்று சொன்ன குஞ்சு விஷயம் மட்டும் மனசை விட்டுப் போகவில்லை, முட்டையை நிறுத்திவிட்டேன்.

எதிர்க்காற்று
உங்களை அசைவராக்க வந்து கடைசியில் முட்டையையும் பிடுங்கிவிட்டேனா? எனக்கு இது தேவைதான். கால் சரியானதும் சொல்லுங்கள்.

முளைப்பயறு
ஊசிக்கு அப்புறம் எழுதிக் கொடுத்திருப்பது மாத்திரையா, கேப்சூலா?

மழைக்குருவி
கேப்சூல். ஏன்?

முளைப்பயறு
அட்டையின் பின்பக்கம் படியுங்கள்.

மழைக்குருவி
ஜெலட்டின்.

ஆய்வகத்து_எலி
நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரையாகவும் கிடைக்கும். அதை மாற்றித் தரச் சொல்லி மருத்துவரிடமே கேளுங்கள். மாற்றிக் கிடைக்கும்வரை இதை நிறுத்திவிடாதீர்கள்.