சத்தம் கூட்டினால் ஆஃப் ஆகும் ஏவி ரிசீவர்: கெப்பாசிட்டரா, டயோடா?

வணக்கம் நண்பர்களே. என்னுடையது 5.1 ஏவி ரிசீவர் (ஹோம் தியேட்டர் ஆம்ப்ளிஃபையர்), வாரண்டி முடிந்தது. வால்யூம் மைனஸ் 15 டெசிபலைத் தாண்டி, படத்தில் கனமான பேஸ் வந்தால் 'டக்'கென்று ரிலே (ஸ்பீக்கரைத் துண்டிக்கும் பாதுகாப்பு சுவிட்ச்) விழுந்து, ரிசீவர் ஆஃப் ஆகி, சிவப்பு விளக்கு மின்னுகிறது. குறைந்த சத்தத்தில் மணிக்கணக்கில் ஓடும்.

ஸ்பீக்கர் வயர்களைக் கழற்றிவிட்டால் முழு வால்யூமிலும் ஆஃப் ஆவதில்லை. வயர் முனைகளில் ஒரு இழைகூட பக்கத்து முனையைத் தொடவில்லை. முன் ஸ்பீக்கர்கள் 4 ஓம், ரிசீவரின் பின்னால் குறைந்தது 6 ஓம் என்று போட்டிருப்பதால் முதல் சந்தேகம் அதன்மேல்தான். ஆனால் 8 ஓம் ஜோடியை மாட்டியும் அதே கதை. ஸ்பீக்கர் செட்டிங்கில் 'ஸ்மால்', 80 ஹெர்ட்ஸ் கிராஸ்ஓவர் வைத்தால் (அதற்குக் கீழான பேஸ் இந்த ஸ்பீக்கர்களுக்குப் போகாது) மைனஸ் 8 வரை தாங்குகிறது. சூடும் இல்லை, மேலே 15 செ.மீ. இடைவெளி இருக்கிறது.

சும்மா இருக்கும்போது ஆம்ப்ளிஃபையருக்கான டிசி சப்ளை பிளஸ், மைனஸ் இரண்டு பக்கமும் 52 வோல்ட். பேஸ் அடிக்கும்போது பிளஸ் 47-இல் நிற்க, மைனஸ் பக்கம் மட்டும் 38-க்கு இறங்குகிறது. அவுட்புட்டில் டிசி 12 மில்லிவோல்ட்தான், அதனால் அவுட்புட் டிரான்சிஸ்டர்கள் ஷார்ட் இல்லை.

மைனஸ் பக்க 10,000 மைக்ரோபாரட், 63 வோல்ட் ஃபில்டர் கெப்பாசிட்டர் காய்ந்திருக்குமா? இல்லை, ஏசியை டிசியாக்கும் டயோடு பிரிட்ஜில் ஒரு டயோடு ஓப்பன் ஆகிவிட்டதா (மின்சாரம் கடத்தாமல் போய்விட்டதா)? டயோடு என்றால் ரிப்பிள் (டிசியில் மிச்சமிருக்கும் ஏற்ற இறக்கம்) 100-க்குப் பதில் 50 ஹெர்ட்ஸில் தெரிய வேண்டும், ஆனால் அதைப் பார்க்க ஆஸிலோஸ்கோப் கைவசம் இல்லை. மல்டிமீட்டரை மட்டும் வைத்து இரண்டையும் பிரித்தறிய வழி உண்டா? கெப்பாசிட்டர் என்றால் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டுமா?