கூடாரத்துக்கு எந்தக் கொடுவாள் வாங்கலாமுங்க?

கேள்வி: ஆனைகட்டிப் பக்கம் தோட்டத்துல கூடாரம் போடறோமுங்க. காஞ்ச வேலமரம் வெட்ட எத்தனை கனத்துல கொடுவாள் வேணும்?

பதில் 1: அலகு 12 அங்குலம், முதுகு 6 மி.மீ., மொத்தம் 800 கிராமுக்குள்ள இருந்தாப் போதுமுங்க. லாரி ஸ்பிரிங் பட்டையில அடிச்சு வாங்குங்க. பழுக்கக் காய்ச்சி எண்ணெயில தோய்ச்சப்புறம் மறுபடி இளஞ்சூடு காட்டோணும். அதை விட்டா வாய் (வெட்டற விளிம்பு) பொடிஞ்சுரும். வாயில அரம் வெச்சு இழுங்க. லேசாக் கடிச்சாச் சரி. வழுக்குனா பதம் (இரும்போட கெட்டி) அதிகம். ஆழமாச் சீவுனா வெட்டறப்ப வாய் மடங்கும்.

பதில் 2: ரெண்டு பக்கமும் சேர்த்து 35 டிகிரிக்குத் தீட்டுங்க. ரொம்ப மெலிசானா வேலங்கணுவுல பட்டதும் வாய் பேர்ந்துரும். கட்டையைச் சாய்ச்சு வெட்டுங்க, நேரா வேண்டாம். பிடியில பூண் (இறுக்கற வளையம்) ஆடுனா தொடவே தொடாதீங்க.

பதில் 3: காப்புக்காட்டுக்குள்ள கொண்டு போயிராதீங்க, வனத்துறை வழக்குப் போடுவாங்க.